அப்பாவுக்குச் சவரம் செய்த நாள்

ஏப்ரல் 20, 2021, செவ்வாய்

டயாலிசிஸ் நர்ஸ் ரூபவதி, அப்பாவின் எடை, காய்ச்சல், குடித்த தண்ணீர் மூன்றையும் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். நான் குமாஸ்தாவாக இருக்கும் பள்ளிக்கூடத்தில் போன வருஷத்து டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது. பள்ளிக்கூடமே நடக்காத வருஷம், யார் எழுதியிருப்பார்கள். கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

எடை 54.2. காய்ச்சல் இல்லை. தண்ணீர் 800 மில்லி. அதற்கு மேல் அரை டம்ளர் சண்டை போட்டு வாங்கிக் குடித்தார்.

இன்று டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் போய் ஒன்றரைக்குத் திரும்பினோம். செருப்பு வாசலுக்கு வெளியே. வாசல் குழாயில் கை, கால், முகம். அப்பாவின் சட்டை வேட்டியைக் கழற்றி சோப்புத்தூள் கரைத்த வாளியில் முக்கினேன். ஊசி குத்திய இடது கை நனையாமல் வெந்நீரில் உடம்பைத் துடைத்து விட்டேன். பிறகு நான் தலைக்குக் குளித்தேன். பிறகு கதவுக் கைப்பிடி, சுவிட்ச், செல்போன், ஆஸ்பத்திரி ஃபைலின் அட்டை. ஃபைலை மாடிப்படியில் வெயிலில் வைத்தேன்.

"கோயிலுக்குப் போறவங்க கூட இவ்வளவு சுத்தம் பாக்க மாட்டாங்கட்டி," என்றார் அப்பா.

நான் சாப்பிடும்போது மணி மூன்றரை.

சாயங்காலம் தம்பி நாயகம் வந்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். காலையிலிருந்து நாலு கொரோனா கேஸ் ஏற்றி இறக்கியதாகச் சொன்னான். கேட்டுக்கு வெளியே நின்றான். போன வருஷம் மார்ச்சிலிருந்து அங்கேதான் நிற்கிறான். அப்பா உள்ளே நாற்காலியில் இருந்தபடி சத்தம் போட்டு அவனோடு பேசினார். போகும்போது கேட்டில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போனான். திறந்து பார்த்தால் இளநீர். கிட்னிக்காரருக்கு இளநீர் ஆகாது என்று இத்தனை வருஷமாகியும் அவனுக்குத் தெரியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி நானே குடித்தேன்.

ஏப்ரல் 21, புதன்

54.6. காய்ச்சல் இல்லை. 750 மில்லி. காய்கறிகளை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, பேப்பரில் பரப்பினேன். இடுப்பு வலி.

ஏப்ரல் 23, வெள்ளி

டயாலிசிஸ். எப்போதும் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் எட்டயபுரத்துக்காரர் இன்று வரவில்லை. ரூபவதியிடம் கேட்டேன். "கேக்காதீங்கக்கா," என்றாள்.

இனி இரண்டு மாஸ்க். அப்பா மூச்சு முட்டுகிறது என்று மேலே உள்ளதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தார். ஆட்டோவில் நான் அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தடுப்பூசி போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஊசி வரவில்லை. அடுத்த வாரம் பாருங்கள் என்கிறார்கள்.

ஏப்ரல் 24, சனி

54.9. காய்ச்சல் இல்லை. 800.

மருந்துக் கடைக்குப் போனேன். ஜெயசீலன் சார் கடைக்கு முன்னால் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு கூடை தொங்கவிட்டிருக்கிறார். சீட்டைக் கூடையில் போட வேண்டும், மருந்தைக் கூடையில் எடுக்க வேண்டும். ஊரில் இவர் ஒருவர்தான் ஒழுங்காக இருக்கிறார். கூட்டமாக இருந்ததால் எல்லோரும் போகட்டும் என்று வேப்ப மரத்தடியில் தள்ளி நின்றேன். திரும்ப நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 27, செவ்வாய்

டயாலிசிஸ். வழக்கம் போல எல்லாம் கழுவினேன்.

சாயங்காலம் மருந்துக் கடை. இன்று கூட்டமில்லை, ஆனால் ஸ்டாக் வரத் தாமதம். "மருந்துக் கடை என்ன அடுத்த ஊருலயா இருக்கு?" என்று கேட்டார் அப்பா. கிட்னி மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது என்று சொன்னேன். அது உண்மைதான்.

நாயகம் கேட்டுக்கு வந்து இருபது நிமிஷம் நின்றான். அவன் கண் இரண்டும் குழி விழுந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்பதாகவும், தன் வண்டியிலேயே ஒரு அம்மா போய்விட்டதாகவும் சொன்னான். அப்பாவுக்குக் கேட்காதபடிதான் சொன்னான். "சரி, நீ போய்க் குளி," என்றேன்.

ஏப்ரல் 30, வெள்ளி

டயாலிசிஸ். 56.1-லிருந்து 54. ஆஸ்பத்திரியில் ஊசி இன்னும் வரவில்லை.

அப்பாவுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. சலூன்களை அடைத்து நாலு நாளாகிறது. மாஸ்க்குக்குள் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருக்கிறார். முகத்தைத் தொடாதீங்க என்று இன்றைக்கு மட்டும் எத்தனை தடவை சொன்னேனோ.

மே 2, ஞாயிறு

முழு ஊரடங்கு. தெருவில் நாய் கூட இல்லை. டிவியில் நாள் முழுக்கத் தேர்தல் முடிவு. அப்பா அதில் தாடியை மறந்திருந்தார்.

நீலச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். இஸ்திரிச் சூட்டில் கிருமி சாகும் என்கிறார்கள்.

மே 6, வியாழன்

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

சாயங்காலம் நாலரைக்கு மருந்துக் கடைக்குப் போனேன். ஐந்தே முக்காலுக்குத் திரும்பினேன். கேட் திறந்து கிடந்தது. முற்றத்துக் குழாயில் நாயகம் குனிந்து நின்று சவரக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே அப்பா நாற்காலியில், கழுத்தில் துண்டோடு, பளபளவென்ற கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து வயசு குறைந்த மாதிரி இருந்தார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்த?"

"அப்பா போன் பண்ணினாருக்கா. தாடி அரிக்குது, கண்ணைக்கூட மூட முடியலன்னாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"உனக்குச் சவரம் பண்ணத் தெரியுமா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குளிச்சி, வேற சட்டை போட்டுட்டுத்தான் வந்தேன். ரெண்டு மாஸ்க், கையில கிளவுஸ். எனக்கு ரெண்டு ஊசியும் போட்டாச்சு. திங்கக்கிழமை டெஸ்ட்டு கூட நெகட்டிவ்தான்."

"மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு அரை மணி நேரம் நின்னிருக்க. அப்பாவுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அது உன்னாலதான், பாத்துக்கோ."

"பத்து நிமிஷந்தாண்டி. அவனை ஏன் வையுத?" என்று அப்பா உள்ளிருந்து சத்தம் போட்டார்.

நாயகம் கத்தியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, என்னைத் தொடாமல் சுவரோரமாக ஒதுங்கி வெளியே போனான். நான் தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தேன். நாற்காலியை வெயில் படும் இடத்துக்கு இழுத்துப் போட்டேன். வெயில் எங்கே இருந்தது.

அப்பா கண்ணாடி கேட்டார். கொடுத்தேன். கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக என்னைத் தவிர யாரும் அவரைத் தொட்டதில்லை, ரூபவதியையும் சலூன்காரரையும் தவிர.

மே 7, வெள்ளி

டயாலிசிஸ். 55.8-லிருந்து 53.9. காய்ச்சல் இல்லை. "யாருய்யா மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கிறது?" என்று ரூபவதி கேட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மே 9, ஞாயிறு

நாளையிலிருந்து முழு ஊரடங்கு என்பதால் இன்று கடைகளைத் திறக்கவிட்டிருக்கிறார்கள். எங்கும் கூட்டம். மருந்துக் கடை ஷட்டர் மட்டும் இறங்கியிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: சாருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து காய்ச்சலாம், நேற்று மூச்சு வாங்கியதாம், நெல்லைக்குக் கொண்டு போயிருக்கிறார்களாம்.

அப்பாவின் மாத்திரையைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு கடையில் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். இன்றிலிருந்து சாப்பாட்டை அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன். வீட்டுக்குள்ளும் மாஸ்க் போடுகிறேன். பொதுவாகவே இது நல்லதுதான்.

"என்னட்டி, என்னைத் தீண்டத்தகாதவனா ஆக்கிட்ட?" என்றார்.

மே 10, திங்கள்

55. காய்ச்சல் இல்லை. எனக்கும் பார்த்தேன். 97.9.

மே 11, செவ்வாய்

டயாலிசிஸ். வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி பிடித்துச் சூடு பார்த்தார்கள். அப்பாவுக்கு 97.6. எனக்கு 98.4. சரியாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து வீட்டைத் துடைத்தேன். இந்தப் பினாயிலில் தண்ணீரைக் கலந்துதான் விற்கிறார்கள். வாசனையே இல்லை. இன்னும் கால் பாட்டில் ஊற்றினேன். அப்பா இருமிக்கொண்டே, "கண்ணு எரியுதுட்டி, குடலைப் புரட்டுது, எவ்வளவு ஊத்துன?" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

மே 12, புதன்

அப்பா 54.7. காய்ச்சல் இல்லை.

பால் அடிப்பிடித்துவிட்டது. அடுப்பங்கரை வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். உடம்பு அசதி. வெயில் அதிகம்.

மே 13, வியாழன்

அப்பாவுக்கு 100.4.

மறுபடியும் பார்த்தேன். 100.6.

மே 14, வெள்ளி

டயாலிசிஸ் பிரிவு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். டெஸ்ட் எடுக்காமல் உள்ளே விட முடியாது. வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசை. இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். ரூபவதி தூரத்தில் நின்று கையைக் காட்டினாள். கிட்டே வரவில்லை. அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது.

நாயகத்துக்குப் போன் பண்ணினேன். காய்ச்சல் எத்தனை, கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று கேட்டான். பிறகு, "நான் பாத்துக்கிடுதேங்க்கா," என்றான்.

மே 15, சனி

இருவருக்கும் பாசிட்டிவ்.

கொரோனா வந்தவருக்கு டயாலிசிஸ் செய்ய நெல்லைக்குத்தான் போக வேண்டும். நாயகம் கட்டில் தேடி எத்தனை பேரிடம் பேசினானோ தெரியாது. பதினோரு மணிக்கு அவனே வண்டியைக் கொண்டு வந்தான். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தாள். நேராக உள்ளே வந்து அப்பாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் தூக்கினான்.

"யாருப்பா நீ?" என்றார் அப்பா.

"நாந்தாம்ப்பா, நாயகம்."

அப்பா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் அறைக்குள் கதவோரம் நின்றேன். "அக்கா, ஃபைலை வாசப்படியில வச்சிட்டு உள்ள போயிரு," என்றான். வைத்தேன். உள்ளே போனேன்.

மதியம் சுகாதாரத் துறையிலிருந்து வந்து வாசலில் தகரம் அடித்து நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்குப் பெரிய தொந்தரவு இல்லாததால் வீட்டிலேயே பதினாலு நாள். ஒருவர் வெளியே நின்று போனில் கேட்டு எழுதிக்கொண்டார்.

"உங்களுக்கு முதல்ல என்னைக்குத் தெரிஞ்சது?"

"பதிமூணாம் தேதி. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த பிறகு."

"வெளியாள் யாராவது வீட்டுக்குள்ள வந்தாங்களா?"

"தம்பி வந்தான். ஆம்புலன்ஸ் டிரைவர்."

அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். நானும்தான்.

மே 17, திங்கள்

என் எடையை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. 61. காய்ச்சல் 99. தண்ணீர் இஷ்டம் போல.

மே 18, செவ்வாய்

அங்கே டயாலிசிஸ் முடிந்தது. நாயகம் வார்டு ஆள் ஒருவரைப் பிடித்து அப்பாவைப் போனில் பேச வைத்தான். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் சந்தோஷம். "இங்க சாப்பாட்டுல உப்புப் போட்டுத் தாராங்கட்டி," என்றார். "சாப்பிடாதீங்கப்பா," என்றேன். "நீ சாப்பிட்டியா? மூக்குக்கு வாசனை தெரியுதா?" என்று கேட்டார். அவருக்கு எப்படித் தோன்றியது அது. தெரியுது என்றேன்.

மே 20, வியாழன்

ஆக்சிஜனை அதிகமாக வைத்திருக்கிறார்கள். பேச முடியாது என்கிறார்கள்.

மே 21, வெள்ளி

காலை 9.40. அப்பா போய்விட்டார்.

மே 22, சனி

நெல்லையிலேயே தகனம். உள்ளே நாயகம் ஒருவனை மட்டும் விட்டார்கள். வீடியோவில் காட்டினான். பையின் ஜிப்பை முகம் வரைக்கும் திறக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான்; முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடித் தாள் இருந்தது. கன்னத்தில் கொஞ்சம் தாடி முளைத்திருந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது சுவர் தெரிந்தது, பிறகு நாயகத்தின் செருப்பு.

நான் வீட்டைத் துடைத்தேன். யாருக்காகத் துடைக்கிறேன் என்று பாதியில் தோன்றியது. மீதியையும் துடைத்தேன்.

மே 23, ஞாயிறு

கழுகுமலையிலிருந்து பேச்சியம்மாள் அத்தை போன் பண்ணினாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "எங்கண்ணன் போற ஆளா? இந்தப் பய வண்டிச் சீக்கை வீட்டுக்குள்ள கொண்டாந்து கொன்னுட்டான். நீ எவ்வளவு பொத்திப் பொத்திப் பாத்த. ஒரு சவரத்துல எல்லாம் போச்சே."

"சரி அத்தை," என்றேன்.

"சரி" என்று ஏன் சொன்னேன்.

மே 26, புதன்

நாயகத்தின் பெண்டாட்டி மாரிச்செல்வி பேசினாள். "மதினி, அவரு ரெண்டு நாளா வேலைக்குப் போகல. சாப்பிட மாட்டேங்காரு. பிள்ளைய கிட்ட வரவிட மாட்டேங்காரு. டெஸ்ட்டு நெகட்டிவ்னு வந்த பேப்பரைக் காமிச்சாலும், ஊசி போட்டவனுக்கு வெளிய தெரியாம வந்துட்டுப் போயிருக்கும், நாந்தான் அப்பாவுக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லுதாரு. நீங்க ஒரு வார்த்தை பேசுங்க மதினி. நீங்க சொன்னா கேப்பாரு."

பேசுகிறேன் என்றேன். போனை அவனிடம் கொடுத்தாள்.

"நீ அன்னைக்கே சொன்னக்கா," என்றான். "நான் கேக்கல."

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டும். "உடம்பைப் பாத்துக்கோ" என்று சொன்னேன்.

மே 27, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. எடை, காய்ச்சல், தண்ணீர் என்று எழுத யாருமில்லை.

மே 29, சனி

தகரத்தை எடுத்துவிட்டார்கள். பதினாலு நாள் முடிந்தது. வாசலில் ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருக்கிறது.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. மருந்துக் கடைச் சீலன். மூன்று நாளில் இரண்டு தடவை வந்து நான் எடுக்காமல் விட்ட அழைப்பு. இன்று எடுத்தேன். குரல் நூல் மாதிரி இருந்தது. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? அப்பா நல்லா இருக்காங்கல்லா?"

"அப்பா தவறிட்டாங்க. இருபத்தொண்ணாம் தேதி."

"செண்பகம், என்னாலயா?"

"இல்ல," என்றேன். "இல்லவே இல்ல. டயாலிசிஸ்ல வந்தது. அங்க நிறையப் பேருக்கு வந்துச்சு. நீங்க அதை நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க." எவ்வளவு சரளமாக வந்தது. ஒரு திக்கல் கூட இல்லை.

போனை வைத்த பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். இவருக்காக ஒரு பொய் சொல்ல எனக்கு அரை நொடி கூட ஆகவில்லை. நாயகத்திடம் "உன்னால இல்லடா" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்ல எட்டு நாளாக வாய் வரவில்லை. அதுவும் அது பொய் கூட இல்லை.

மே ஆறாம் தேதி நடந்ததை அன்றைக்கு எழுத வேண்டும் என்று ஆரம்பித்தேன். எழுதவில்லை. கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை. அங்கே இரண்டு ஸ்டூல். அவர் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார். ஏப்ரலிலிருந்தே அப்படித்தான். மற்ற நாளெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துத் தள்ளி உட்காருவோம். அன்று காற்றில் மண்ணாக வந்தது என்று ஜன்னலைச் சாத்தினார். மாஸ்க்கைக் கழற்றினோம். ஒரு வருஷத்தில் அவர் முகத்தை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினார். "ஏசிக் காத்து," என்றார். எனக்குக் கேட்டது. எழுந்து போகத் தோன்றவில்லை. என் நாற்பத்தொரு வயசில் ஒருவர் என்னிடம், அப்பாவைப் பற்றிக் கேட்காமல், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் என் தம்பி இரண்டு மாஸ்க்கும் கிளவுசும் போட்டுக்கொண்டு அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான்.

பினாயிலில் யாரும் தண்ணீர் கலக்கவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்.

மே 31, திங்கள்

மாரிச்செல்வி மறுபடி பேசினாள். நாளைக்கு ஆபீசுக்குப் போய் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறானாம்.

ஜூன் 1, செவ்வாய்

காலையில் நடந்தே அவன் வீட்டுக்குப் போனேன். ரோட்டில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டார். சாவு வீடு என்றேன். விட்டுவிட்டார்.

நாயகம் முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்த தலையில் முடி குத்திட்டு நின்றது. என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் போய் நின்றான், பழக்கத்தில். மாரிச்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நிற்கும்போதே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம். மருந்துக் கடை, பின்னறை, டீ, செருமல், ஒன்பதாம் தேதி ஷட்டர், பதினொன்றாம் தேதி வாசனை போனது, பதிமூன்று என்று பொய் சொன்னது. எல்லாம் சொல்ல ஐந்து நிமிஷம்தான் ஆனது.

"உன்னால இல்லடா," என்றேன் கடைசியில்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒன்பதாந்தேதியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம் இருந்துச்சுன்னா ஏங்க்கா எங்கிட்ட சொல்லல? வீட்டு வாசல்லயே வந்து எடுத்திருப்பேனேக்கா டெஸ்ட்டு. நாலு நாளு. நாலு நாளு முந்தித் தெரிஞ்சிருந்தா அப்பாவை அன்னைக்கே சேத்திருப்பேன். எத்தனை பேரைக் கொண்டு போயிச் சேத்தேன். நாலு நாள் முந்தி வந்தவங்கள்ல பாதிப் பேரு நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"என் பிள்ளையை நான் பத்து நாளாத் தூக்கல," என்றான். "அப்பாவைக் கொன்ன கையின்னு தூக்கல. நீ அங்க உக்காந்து கேட்டுட்டு இருந்திருக்க."

நான் அவன் அருகில் ஒரு அடி வைத்தேன். "வராதக்கா," என்றான். "போயிரு. இப்பம் போயிரு."

வந்துவிட்டேன்.

ஜூன் 2, புதன்

மாரிச்செல்வி ஒரு வரி அனுப்பியிருந்தாள். அவர் வேலைக்குப் போயிருக்கிறார்.

ஜூன் 3, வியாழன்

நாயகம் போனை எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வேண்டியதை மாரிச்செல்வியிடம்தான் கேட்டுக்கொண்டேன். என் மேல் கோபமாக இருக்கிறான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றதைவிட இது தேவலை. இந்தக் கோபத்தை எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். நினைப்பது மட்டும்தான். இன்று பத்து தடவை போனை எடுத்துப் பார்த்தேன்.

சீலனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. இனியும் சொல்வேனா என்று தெரியவில்லை.

ஜூன் 5, சனி

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.

ஊரடங்கு என்பதால் ஆறே பேர். அத்தை இ-பதிவு வாங்கி, காரில் மகனோடு வந்தாள். வாசலில் சானிடைசரும் மாஸ்க்குகளும் வைத்திருந்தேன். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தேன். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. அப்பாவின் போட்டோ என் பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக ஸ்டுடியோவுக்குப் போன அன்று அவரையும் உட்கார வைத்து எடுத்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது.

நாயகம் வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கும்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்தபோது, அவன் டம்ளரில் தண்ணீர் கொண்டு போய் அத்தையிடம் நீட்டினான். அத்தை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அங்கயே வையி. எங்கண்ணனுக்கு நீ குடுத்தது போதும்."

அவன் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினான். என்னைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும்.

"அத்தை, அவன் இல்ல," என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அத்தையின் மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அவனுக்கு வரவே இல்ல. முதல்ல வந்தது எனக்கு. அப்பாவுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தியே எனக்கு வாசனை போயிருச்சு. நான் யாருக்கும் சொல்லல. அப்பாவுக்கு நான்தான் குடுத்தேன். அவனைச் சொல்லாதீங்க."

"நீயா? வெளிய தெருவ போகாம கெடந்தவளுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"ஒருத்தரோட உக்காந்து டீ குடிச்சேன். மாஸ்க்கைக் கழட்டி வச்சிட்டு."

அத்தை நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "ஒருத்தரோடன்னா? யாரு? எந்த ஊருக்காரரு?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நாயகம் எனக்கும் அத்தைக்கும் நடுவே வந்து நின்றான். அவன் முதுகு அத்தையின் பக்கம் இருந்தது. நாலு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, மாஸ்க்கை மேல ஏத்து," என்றான். "மூக்குக்குக் கீழ கெடக்கு."

ஏற்றிக்கொண்டேன்.